லோ புரொஃபைல் டயர்: படிக்கவும் பராமரிக்கவும் தொடக்கப் பாடம்

லோ புரொஃபைல் டயரை, அதாவது பக்கச்சுவர் குட்டையான டயரை, கண்ணால் பார்த்து, காற்று போதுமா என்று சொல்ல முடியாது. உயரமான டயரில் காற்று குறைந்தால் அடிப்பகுதி பிதுங்கும், போகிறவர் வருகிறவர்கூடச் சொல்லிவிடுவார்கள். குட்டையான பக்கச்சுவரோ காற்று குறைந்த பிறகும் விறைப்பாகவே தெரியும். அதனால் இந்த டயரைப் பொறுத்தவரை எழுத்தையும் காற்றழுத்தம் அளக்கும் கருவியையும் கைவிரலையும்தான் நம்ப வேண்டும்.

முதலில் காரை நிறுத்திவிட்டுப் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். 225/45 ஆர்17 91டபிள்யூ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் சுமார் 101 மில்லிமீட்டர். 205/65 டயரில் இதே உயரம் 133 மில்லிமீட்டர். குழியில் இறங்கும்போது ரிம்மைக் காக்கும் மெத்தை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் மெலிந்துவிட்டது என்று பொருள். ஆர் ரேடியல் வகையையும் (உள்ளே நூலிழைகள் குறுக்காக ஓடும் அமைப்பு), 17 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன.

அடுத்தது 91டபிள்யூ. சுமைக் குறியீடு 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரையான வேகத்தைக் குறிக்கும் (எச் 210, வி 240). அந்த வேகத்தில் பறக்கலாம் என்ற அனுமதியாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேகத்திலும் சுமையிலும் பிறக்கும் வெப்பத்தை டயர் தாங்கும் என்பதுதான் பொருள். டயர் மாற்றும்போது கார் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுமைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

அமெரிக்கத் தர முறைப்படி ட்ரெட்வேர், ட்ராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற மூன்று குறிப்புகளும் பல டயர்களில் இருக்கும். ட்ரெட்வேர் எண் கூடினால் தேய்மானம் மெதுவாக நடக்கும். ட்ராக்‌ஷன் தரம் ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். புதியவர்கள் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: அது ஈரச் சாலையில் நேராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் திறனை மட்டுமே அளக்கிறது. ஏஏ டயர் மழை வளைவிலும் கைவிடாது என்று எண்ணிவிடக் கூடாது. டெம்பரேச்சரில், அதாவது வெப்பம் தாங்கும் திறனில், ஏ உயர்ந்தது, சி குறைந்தபட்சம். கடைசியாக, டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் 2323 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2023-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

இனி காற்று. இதற்குத்தான் அதிக அக்கறை தேவை. கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்று டயர் ஆறிய பிறகு அழுத்தம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் பார்ப்பது நல்லது. சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் ஓரச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயரிலேயே எழுதியிருக்கும் அழுத்தம் அதிகபட்ச வரம்பு, அதுவரை நிரப்பக் கூடாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத் தெரிந்தாலும் காற்றை இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் குறைந்துவிடும்.

காற்று குறைந்த டயர் குழியில் மோதினால் பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, அந்த இடத்தில் ரப்பர் கொப்புளம்போல் புடைக்கும். அந்தப் புடைப்புக்கு ஒட்டுப் போட முடியாது. எவ்வளவு புதிய டயராக இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எனவே மாதாந்தரச் சோதனையின்போது பக்கச்சுவரைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். காரின் உள்பக்கம் பார்த்த சுவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களில் அதையும் எளிதாகப் பார்க்கலாம்.

குழி கண்ணில் பட்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள், ஆனால் குழிக்குள் இறங்கும் கணத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்சக்கரங்களில் சாய்வதால் அடி இன்னும் பலமாக விழும்.

தேய்மானத்தையும் படிக்கலாம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. டயரின் மேற்பரப்பில் வெட்டிய பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகளுக்குச் சமமாக ரப்பர் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மழைக்காலத்தில் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். அகலமான டயர் தண்ணீரின் மேல் எளிதில் மிதக்கும், அதை வெளியேற்ற அந்தப் பள்ளங்களை விட்டால் வேறு வழியில்லை.