வெளிநாட்டுக்கு ட்ரோன் எடுத்துப் போகும் முன்

வெளிநாட்டில் ட்ரோன்காரர்கள் முதலில் மாட்டுவது விமான நிலையத்து எக்ஸ்ரே மெஷினில்தான், பறக்கவிடும் கதையெல்லாம் அதைத் தாண்டினால்தான். பறக்கவிட அனுமதி வேறு, நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேறு. "பறக்கவிடவே மாட்டேன், பையில் சும்மா கிடக்கும்" என்று மொராக்கோவில் சொல்லிப் பாருங்கள், எடுபடாது. 2015-லிருந்து அங்கே அனுமதியில்லாமல் ட்ரோன் உள்ளே வரக் கூடாது, சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எகிப்தில் 2017-ஆம் ஆண்டின் 216-ஆம் எண் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், மீறினால் சிறை வரை போகும். நிகரகுவா, கியூபா இரண்டிலும் இதே கெடுபிடிதான். இந்தியாவும் 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதியைப் பொதுவாகத் தடை செய்துவிட்டது, சுற்றுலாப் பயணி ஜாலியாகக் கொண்டுவர வழியில்லை.

அதனால் டிக்கெட் போட்ட கையோடு இரண்டு தேடல்கள் செய்யுங்கள். ஒன்று, அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பறக்கவிடும் விதிகள். இன்னொன்று, அந்த நாட்டுச் சுங்கத்துறையின் தளத்தில் கொண்டுவரும் விதிகள். பலரும் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யூடியூபில் யாரோ அழகாகப் படம் பிடித்திருக்கிறார் என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள், அவர் அனுமதி வாங்கினாரா, மாட்டாமல் தப்பினாரா என்று வீடியோ சொல்லாது.

நான் ஒரு நாட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது இது. விமான நிலையத்தில் ட்ரோனை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், திரும்பும்போது அதே கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சரி, நியாயம்தான். ஆனால் நான் திரும்புவதாகத் திட்டமிட்டிருந்தது பஸ்ஸில், வேறொரு எல்லை வழியாக! ஒரு பெட்டிக்காக இரண்டு நாள் பயணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். வரும் ஊரும் கிளம்பும் ஊரும் வேறு என்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாட்டில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் அந்த நாட்டு விதியும் உங்களுக்குப் பொருந்தும்.

பேட்டரி விஷயம் சுலபம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கை லக்கேஜில் மட்டுமே போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை பிரச்சினையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பேட்டரி மேல் வாட்-மணி அச்சிடவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள், உதாரணமாக 7.32 வோல்ட், 2.59 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 19. முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனிப் பையில் போட்டுவிட்டால் செக்யூரிட்டியில் பேச்சே இருக்காது.

அடுத்தது எடை. 249 கிராம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் எல்லா விதியிலிருந்தும் விடுதலை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதிதான் உண்மை. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிட்டால் 250 கிராமுக்குக் கீழே பதிவு வேண்டாம், ஆனால் இணையத்தில் நடக்கும் இலவசப் பாதுகாப்புத் தேர்வு எல்லோருக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா இருந்தாலே, பொம்மை தவிர, இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். ஜப்பானில் எல்லையே 100 கிராம்தான், அதுவும் பேட்டரியோடு சேர்த்து. முன்பு அங்கே 200 கிராம் விதி இருந்ததால் 199 கிராமில் ஜப்பானுக்கென்றே ஒரு மாடல் விற்றார்கள், 2022 ஜூனில் எல்லை 100 ஆனதும் அந்தச் சாமர்த்தியம் காலி. இன்னொன்று, 249 கிராம் மாடலில் அதிக நேரம் ஓடும் பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 250-ஐத் தாண்டிவிடும். கையில் இருப்பதைப் பேட்டரியோடு சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் ஒரு நல்ல விஷயம், முதலில் எந்த உறுப்பு நாட்டில் பறக்கவிடப் போகிறீர்களோ அங்கே ஒருமுறை பதிந்தால் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். கிடைக்கும் எண்ணை ட்ரோனில் ஒட்ட வேண்டும். 250 கிராமுக்கு மேல் என்றால் 40 கேள்விகள் கொண்ட இணையத் தேர்வும் உண்டு. காப்பீடு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அது கட்டாயம்.

யூடியூபில் காசு வருகிறது என்றால் அமெரிக்காவில் உங்களைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதற்கு வேறு உரிமம், வேறு பதிவு.

உயரத்தில்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள். பல நாடுகளில் உச்சவரம்பு 120 மீட்டர், ஜப்பானில் 150, சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் சுமார் 60 தான். ஆனால் திரையில் தெரியும் எண் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்பட்டது. 100 மீட்டர் பாறை உச்சியில் நின்று கிளப்பி 80 மீட்டர் ஏற்றிக் கடல் பக்கம் தள்ளினால் திரை 80 என்றே காட்டும், நிஜத்தில் கீழே தண்ணீரிலிருந்து 180. விதி கணக்கில் எடுப்பது கீழே இருக்கும் தரையை, தண்ணீரை. பள்ளத்தாக்கு, மலைக்காட்சி எடுப்பவர்களுக்கு இது தினமும் வரும் சிக்கல்.

தடை செய்த இடத்தில் பறக்கவிடும்போது ட்ரோனின் ஆப் தடுக்கவில்லையே என்பதும் பதிலாகாது. ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் 2024-ல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் தானாகத் தடுக்கும் வசதியை எடுத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது, முடிவும் பழியும் உங்களுடையது. தேசியப் பூங்காக்கள் தனி உலகம். அமெரிக்காவில் 2014-லிருந்து அவற்றில் ட்ரோன் கூடாது. அதே ஆண்டு யெல்லோஸ்டோனில் ஒரு சுற்றுலாப் பயணியின் ட்ரோன் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்து, அவர் 3,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

அரசுக் கட்டிடம், ராணுவ முகாம், எல்லைப் பகுதி பக்கம் போகவே வேண்டாம். 2017-ல் மியான்மரில் நாடாளுமன்றம் அருகே ட்ரோன் கிளப்பிய வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

பதிவுச் சான்று, தேர்வுச் சான்று, அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் அச்சடித்து எடுத்துப் போங்கள், உள்ளூர் மொழியில் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது. சிக்னல் இல்லாத மலையில் போலீஸ் வந்து கேட்டால் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. யாராவது வந்து நிறுத்தச் சொன்னால் முதலில் இறக்குங்கள், பேச்சு அப்புறம்.