மாதிரி விமானம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் வாலைக் கவனியுங்கள்

மாதிரி விமானம் கட்டப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் புதியது என்று எதுவும் இல்லை. சென்னையில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் எங்கள் நரைத்த தலைகள், என்.சி.சி. விமானப் பிரிவில் கம்பியில் கட்டிய கண்ட்ரோல் லைன் மாடல்களைச் சுற்றிய காலத்திலேயே அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்துவிட்டன. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அதே வரிசையில் அவற்றைத் தொடங்கும்போது, எங்களுக்குள் முதலில் சிரிப்பும் பிறகு சற்று எரிச்சலும் எழுகின்றன. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற மறப்பது, வரைபடத்தைப் படிக்காமல் பலகையை வெட்டுவது, உடனடிப் பசையில் விரல்களை ஒட்டிக்கொள்வது போன்றவற்றை ஒருமுறை பட்டவர்கள் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வால் கனம்

சில காலத்திற்கு முன் பொறியியல் மாணவர் ஒருவர், ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட பயிற்சி விமானம் ஒன்றைத் தானே கட்டி மைதானத்திற்குக் கொண்டுவந்தார். இணைப்புகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. மேலுறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. செங்குத்து வாலில் கார் ஸ்ப்ரே பெயின்ட்டால் மயில் தோகை வரைந்திருந்தார். நீண்ட இணைப்புக் கம்பிகள் அழகைக் கெடுக்கின்றன என்று, வால் பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் இரண்டையும் வாலுக்குள்ளேயே பொருத்தியிருந்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மூத்தவர், இறக்கையின் இரு முனைகளையும் விரல் நுனிகளால் தாங்கித் தூக்கினார். வால் உடனே தரையை நோக்கிச் சாய்ந்தது.

“தம்பி, இந்த மயில் எத்தனை கோட் வாங்கிச்சு?”

“நாலு கோட் சார்.”

“அப்போ மூக்குல ஒரு யானை வரையணுமே.”

எல்லோருடனும் சேர்ந்து மாணவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “முதல்ல பறக்கவிட்டுப் பார்ப்போம் சார், தேவைப்பட்டா ட்ரிம் பண்ணிக்கலாம்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விமானம் தரையை விட்டதும் மூக்கைத் தானாகவே உயர்த்தியது. அவர் குச்சியை முன்னால் தள்ளியதும் தலைகுப்புறப் பாய்ந்தது. பதறிப் பின்னால் இழுத்ததும் முன்னைவிடச் செங்குத்தாக ஏறி, வேகம் முழுவதையும் இழந்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. மூக்கிலிருந்து இறக்கை வரையிலான பகுதி சில்லுசில்லாகிவிட்டது. வாலில் ஒரு கீறலும் இல்லை. “மயிலுக்கு ஒண்ணும் ஆகலப்பா, கவலைப்படாத” என்று மூத்தவர் தேற்றினார்.

ட்ரிம் ஏன் இந்தக் குறையைத் தீர்க்காது என்பதை விளங்கிக்கொண்டால் அந்த வாக்கியத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். காற்றின் அசைவில் மூக்கு சற்று உயர்ந்தால், இறக்கையும் வாலும் சேர்ந்து கூடுதலாக ஒரு தூக்குவிசையை உண்டாக்குகின்றன. அந்தக் கூடுதல் விசை செயல்படும் இடத்தை இறக்கை, வால் ஆகியவற்றின் அளவும் அவற்றுக்கிடையே உள்ள தூரமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. விமானத்தின் ஈர்ப்பு மையம் அந்த இடத்திற்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை பின்பகுதியைத் தூக்கி மூக்கைத் தானாகவே தாழ்த்திவிடும். ஈர்ப்பு மையம் அதற்குப் பின்னால் போய்விட்டால், அதே விசை மூக்கை மேலும் உயர்த்தும். உயர்ந்த மூக்கு விசையை மேலும் கூட்டும். ட்ரிம் என்பது குறிப்பிட்ட ஒரு வேகத்தில் விமானத்தைச் சமநிலையில் வைப்பதற்கான ஏற்பாடு. தானாகவே வளர்ந்துகொண்டு போகும் சாய்வை நிறுத்த அதனால் இயலாது.

நேரான இறக்கையும் வழக்கமான வாலும் கொண்ட பயிற்சி விமானத்திற்கு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்திற்குள் ஈர்ப்பு மையம் அமைய வேண்டும். அகலம் 25 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 6.2 முதல் 8.3 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும் என்று பொருள். முதல் பறப்புக்கு இந்த எல்லையின் முன்பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். மூக்குக் கனத்த விமானம் சோம்பலாகத் திரும்பும். இறங்கும்போது, வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரைக் கூடுதலாக இழுக்கச் சொல்லும். ஆனாலும் பத்திரமாகத் தரைக்கு வந்து சேரும்.

வாலில் ஏறும் எடை இவ்வளவு செலவு வைப்பதற்குக் காரணம் எளிய நெம்புகோல் கணக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 65 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 22 சென்டிமீட்டர் முன்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாலில் 20 கிராம் கூடினால், அதை ஈடுகட்ட மூக்கில் ஏறத்தாழ 59 கிராம் வைக்க வேண்டும். மொத்தத்தில் 79 கிராம் கூடிய விமானத்தை அதே இறக்கை சுமக்க வேண்டும். தரையிறங்கும் வேகமும் அதற்கேற்ப உயரும். 9 கிராம் சர்வோ இரண்டை வாலுக்குள் வைத்தாலே 18 கிராம் ஆகிவிடுகிறது. மயிலின் எடை தனி.

ஆகவே வாலைக் கட்டும்போதே கஞ்சத்தனம் வேண்டும். பால்சா மரத்தின் அடர்த்தி பலகைக்குப் பலகை மாறும். 3 மில்லிமீட்டர் தடிமனும் 10 சென்டிமீட்டர் அகலமும் மூன்றடி நீளமும் உள்ள பலகை 27 கிராமும் இருக்கலாம், 55 கிராமும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கடையில் இரண்டும் ஒரே கட்டில், ஒரே விலையில் கிடக்கும். சிறிய மின்னணுத் தராசு ஒன்றைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இலேசான பலகைகளை வாலுக்கு ஒதுக்கிவிட்டு, கனமும் விறைப்பும் உள்ளவற்றை இறக்கையின் உத்திரக் குச்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வால் இணைப்பில் அரால்டைட்டைக் குவித்துப் பூசுவதால் வலிமை கூடாது. மரம் பொருத்தமாக வெட்டப்பட்டிருந்தால் மெல்லிய ஒரு படலமே போதும். சர்வோக்கள் இறக்கைக்கு அடியில் இருக்கட்டும். அங்கிருந்து மெல்லிய கார்பன் குழாய்கள் வால் வரை போகட்டும்.

அளக்கும் முறையிலும் ஏமாற்று வேலை நடக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, பேட்டரியும் ப்ரொப்பல்லரும் இல்லாமல், கிடைத்த இடத்தில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள், தங்கள் விமானத்தைப் பற்றி எதையும் அறிந்துகொள்வதில்லை. பறக்கும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பின்முனையில் ரப்பர் உள்ள பென்சில்கள் இரண்டை, ரப்பர் மேலே இருக்குமாறு ஒரு கட்டையில் செங்குத்தாக நட்டு, ஈர்ப்பு மையத்துக்காக இறக்கையில் குறித்த புள்ளிகளை அவற்றின்மேல் வைத்தால் போதுமானது. இறக்கை உடலுக்குக் கீழே அமைந்த விமானமாக இருந்தால் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எரிபொருளில் ஓடும் இன்ஜின் என்றால், பயிற்சி விமானங்களில் தொட்டி பெரும்பாலும் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், அது காலியாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நிரப்பி அளந்தவருடைய விமானம் ஒழுங்காக ஏறும்; எரிபொருள் தீரத் தீரப் பின்கனம் கூடி, சரியாகத் தரையிறங்கும் நேரத்தில் கைவிடும்.

முன்கனம் தேவைப்பட்டால் முதலில் பேட்டரியை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அதற்குமேல் இடம் இல்லையென்றால் ஈயம் வையுங்கள். ஈயம் வைப்பதைத் தங்கள் கைத்திறனுக்கு வந்த களங்கமாக நினைப்பவர்கள் எங்கள் வயதினரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் ரைட் சகோதரர்களைக் காட்டுவது வழக்கம். 1904ஆம் ஆண்டு ஓஹாயோவின் ஹஃப்மன் மேய்ச்சல் வெளியில் தங்கள் இரண்டாவது விமானம் அடங்காமல் மூக்கை ஏற்றி இறக்கியபோது, அவர்கள் அதன் முன்பகுதியில் 70 பவுண்டு இரும்பை ஏற்றினார்கள். அதாவது, ஏறத்தாழ 32 கிலோ. அவர்களே சுமந்திருக்கும்போது நாம் 59 கிராமுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. டயர் கடைகளில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டும் 5, 10 கிராம் வில்லைகள் இதற்கு மிகவும் வசதியானவை. ஆனால் அவற்றின் ஒட்டுநாடாவை மட்டும் நம்பாதீர்கள். எரிபொருள் எண்ணெய் பட்டால் அது கழன்றுவிடும். திருகாணி போட்டு இறுக்குங்கள்.

முறுக்கிய இறக்கை

பசை முழுவதும் காய்வதற்கு முன் குண்டூசிகளைப் பிடுங்குவதாலும், வளைந்த பலகையின்மேல் வைத்துக் கட்டுவதாலும் இது நேர்கிறது. கட்டுமானப் பலகை சமதளமாக இருக்கிறதா என்பதை, அதன் குறுக்கே ஓர் எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் கொட்டகையில் உள்ள பலகை, இடித்த வீடொன்றின் பழைய தேக்குக் கதவு. காலம் முழுவதும் வெயிலும் மழையும் பார்த்துவிட்டதால் இனி வளைய அதற்கு மனமில்லை என்று மூத்தவர் சொல்வார். கட்டி முடித்த இறக்கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கத்தின் பின்விளிம்பு மட்டும் கீழே தெரிந்தால், ஒட்டிய மேலுறையைச் சூடாக்கி, இறக்கையை எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்து ஆறவிடுங்கள். ட்ரிம் போட்டுச் சமாளிக்கலாம் என்ற பேச்சு இங்கும் எழும். ஒரு வேகத்தில் சமாளிக்கலாம். வேகம் குறைந்து தரையை நெருங்கும்போது அதே இறக்கை முதலில் சரியும்.

ஈரக்காற்றில் டோப் பூசுவது

பிளாஸ்டிக் உறைகள் வந்தபின், உறையை விறைப்பாக்கப் பூசும் டோப் என்ற அரக்குப் பூச்சு அரிதாகிவிட்டது என்றாலும், பழைய முறையில் மெல்லிய தாளும் பட்டும் போர்த்த விரும்பும் இளைஞர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வம் ஏனோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் பொங்குகிறது. டோப்பில் உள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலத்திற்குள் சிக்கிக்கொள்வதால், இறக்கை முழுவதும் திட்டுத்திட்டாக வெளுத்துவிடுகிறது. மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க முடியாதவர்கள், தாமதமாக ஆவியாகும் தின்னரைச் சிறிது கலந்து, வெளுத்த இடத்தில் மெல்லியதாக மறுபடி பூசலாம். ஹேர் டிரையரை அருகில் கொண்டுவர வேண்டாம். டோப்பின் ஆவி தீப்பற்றக்கூடியது; டிரையருக்கு உரிமையாளரான வீட்டம்மாவின் கோபம் அதற்கு அடுத்த கட்டம்.

ஈதர் பாட்டிலைத் திறந்து வைப்பது

பழைய 1.5 சிசி டீசல் இன்ஜின்கள் சில வீடுகளின் பரண்களிலிருந்து இப்போதும் இறங்குகின்றன. தாத்தா ஓட்டியதைப் பேரன் ஓட்டிப் பார்க்க விரும்புவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறத்தாழச் சம பங்காகக் கலந்ததே அதன் எரிபொருள். சிறுவயதில் வயிற்றைக் கழுவ விளக்கெண்ணெய் குடித்த தலைமுறை, அதையே இன்ஜினுக்கும் புகட்டிப் பழிதீர்த்துக்கொண்டது என்பது கொட்டகையின் பழைய நகைச்சுவை. ஈதர் கொதிப்பது ஏறத்தாழ 35 டிகிரியில். சித்திரை மாதத்து மதியம் சென்னை அதைத் தாண்டிவிடும். மூடி தளர்ந்த பாட்டிலில் மதியத்திற்குள் ஈதர் பறந்துபோக, மிஞ்சிய மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் வைத்துக்கொண்டு, மாலை முழுவதும் ப்ரொப்பல்லரைத் தட்டித் தோள் வலி வாங்கியவர்கள் பலர். அமுக்கத் திருகை மேலும் மேலும் இறுக்கி, இணைப்புத் தண்டை வளைத்தவர்களும் உண்டு. தேவையான அளவை மட்டும் கலந்து, இறுக மூடி, நிழலில் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனை இதைவிட மோசமானது. உள்ளே கசிந்து தேங்கும் ஆவிக்கு ஒரு ஸ்விட்சின் பொறி போதும்.

ப்ரொப்பல்லரை விரலால் தட்டுவது

குச்சியால் தட்டுங்கள். காரணம் வேண்டுவோர் எங்கள் ஆட்களின் சுட்டுவிரல்களைப் பார்வையிடலாம்.

தலைகீழாக வேலை செய்யும் ஏலிரான்

விமானத்தின் பின்னால் நின்று ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது ஏலிரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலே எழ வேண்டும். இடது ஏலிரான் கீழே இறங்க வேண்டும். முன்னால் நின்று பார்த்துக் குழம்புவதே இந்தத் தவறின் பிறப்பிடம். ஒவ்வொரு முறையும் பாருங்கள். சர்வோவைக் கழற்றி மாட்டிய நாளில் இரண்டு முறை பாருங்கள்.

லித்தியம் பேட்டரியை முழுவதும் வடித்துவிடுவது

செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். உப்பிய பேட்டரியை உயிர்ப்பிக்க முயலாதீர்கள்.

ஆட்கள் இருக்கும் இடத்தில் பறக்கவிடுவது

கிரிக்கெட் நடக்கும் மைதானம் உங்கள் மைதானம் ஆகாது. 25 கிலோவுக்கு மிகாமல், கண்பார்வை எல்லைக்குள் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாதிரி விமானங்களும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன. புறப்படுவதற்கு முன், எங்கே பறக்கவிடலாம் என்பதை நிறங்களால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறந்து முடித்த இன்ஜினை அப்படியே வைப்பது

க்ளோ இன்ஜின்களின் எரிபொருளில் உள்ள மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மிச்ச எரிபொருளோடு அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் பேரிங்குகள் துருவேறும். நாளின் கடைசி ஓட்டத்தில் எரிபொருள் குழாயைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு மெல்லிய இயந்திர எண்ணெயைச் சில துளிகள் விட்டுக் கையால் சுழற்றி வையுங்கள். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் காலப்போக்கில் பிசினாகி இன்ஜினை இறுக்கிவிடும். அப்போது இடுக்கியால் திருகினால் தண்டு போய்விடும், சூடுதான் மருந்து. மூத்தவர் ஒருமுறை அப்படி இறுகிய இன்ஜினை வீட்டு இட்லிப் பானையில் ஆவி காட்டி இளக்கினார். இன்ஜின் அருமையாகச் சுழன்றது. அடுத்த நாள் இட்லிகள் அனைத்திலும் விளக்கெண்ணெய் வாடை. இந்த வேலைக்கென்று பழைய பாத்திரக் கடையில் தனியாக ஒரு பானை வாங்கிவிடுங்கள்.