பழைய வீட்டின் பூர்வீகம் பார்ப்பது எப்படி: யாழ்ப்பாணத்துக்கு மட்டும்

"எங்கட அப்பப்பா கட்டின வீடு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். உறுதியை (காணிப் பத்திரத்தை) விரித்தால் அப்பப்பாவின் பெயரே இருக்காது. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு அநேகமாகச் சீதனமாய்ப் பெண்பிள்ளைக்குப் போகும். ஆகவே ஆண்பெயரைப் பிடித்துத் தேடினால் இரண்டாம் தலைமுறையிலேயே வழி தவறிவிடும். பிறக்கிராசி (வழக்கறிஞர்) ஒருவரிடம் எழுத்து வேலை பார்த்த காலத்தில் நான் படித்த முதற்பாடம் இது: அம்மா, அம்மம்மா, அவவின் தாய் என்று போங்கள்.

வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கைப் பெயரையும் ஒருபுறம் வையுங்கள், அவை மாறும். மாறாதது காணிப்பெயர். இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் வளவு, தோட்டம், சீமா என்று முடிகிற ஒரு பெயர் உண்டு. உறுதியின் அட்டவணையில் (காணியை விவரிக்கும் பகுதி) கோவிற்பற்று என்ற ஊர்ப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கும். அதோடு பரப்பளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய உறுதிகளில் 'லாச்சம் வரகுக் கல்சர்' என்று கிடக்கும். அதுதான் நம் பரப்பு: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். இப்போதைய பிளானில் பேர்ச் கணக்கு என்றால் பரப்புக்குப் பத்துப் பேர்ச். (வயற்காணி லாச்சம் வேறு அளவு, அதைக் குழப்பாதீர்கள்.) பழைய உறுதியில் எட்டுப் பரப்பு, இன்று நாலு என்றால் மிச்சம் ஒரு சகோதரிக்குப் போயிருக்கும், அல்லது விற்றிருப்பார்கள். வேலியோரத்து ஒழுங்கை எப்படி வந்தது என்பதும் அநேகமாக அப்போதுதான் விளங்கும்.

பிறகு, விற்றவருக்கோ கொடுத்தவருக்கோ காணி எப்படி உரித்தானது என்று சொல்லும் வரியைப் படியுங்கள். 'முதுசம்' என்றால் பெற்றோர் வழி. 'சீதனம்' என்றால் அநேகமாகத் தாய் பக்கம். 'தேடிய தேட்டம்' என்றால் கலியாணத்துக்குப் பிறகு தேடியது, அதற்கு முன் காணி வேறு குடும்பத்திடம் இருந்திருக்கும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையின் (யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம்) இந்தப் பிரிவுகள்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்டும். அந்த வரியிலேயே முன்னுறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு காணிக்கந்தோருக்கு (காணிப் பதிவகம்) போய்ப் பதிவுப் பக்கத்தைக் கேளுங்கள். ஒரு பக்கம் முந்திய பக்கத்தின் இலக்கத்தைக் காட்டும், அப்படியே பின்னோக்கிப் போகலாம். 1995 இடம்பெயர்வில் உறுதிகள் போய்விட்டன என்று கைவிட வேண்டாம். நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதி வைத்து, இன்னொன்றைக் கந்தோருக்கு அனுப்பியிருப்பார். ஒல்லாந்தர் காலம் வரை போகிற ஆசை இருந்தால், அவர்களின் காணிப் பதிவேடான தோம்புக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

இனி வீட்டைப் பாருங்கள், ஆனால் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு. அட்டவணை நிலத்தை மட்டும் சொல்லாது, அதன் மேல் நிற்பதையும் சொல்லும். கொக்குவிலில் நடுமுற்றம் வைத்த ஒரு நாற்சார் வீடு. பழைய உறுதியில் 'மண்வீடும் கிணற்றுப் பங்கும்' என்றிருந்தது, அடுத்ததில் 'கல்வீடு'. இரண்டுக்கும் நடுவில் குடும்பத்தலைவர் மலாயாவில் உத்தியோகம். காசு எங்கிருந்து வந்தது என்று தனியாய்க் கேட்கத் தேவையில்லை. மேற்குப்புற அறையின் வாசற்படி மட்டும் உயரம் கூட, சுவர் சேருமிடத்தில் காரை நேர்கோடாய் வெடித்திருந்தது. இரண்டாவது மகளின் சீதன உறுதியில்தான் 'புதிதாய்க் கட்டிய அறை' முதன்முதலாய் வருகிறது. இங்கே பாதி வீடுகள் கலியாணத்துக்குக் கலியாணம் வளர்ந்தவை. ஆகவே "எந்த வருஷம்" என்று கேட்காமல் "எந்த அறை எந்த வருஷம்" என்று கேளுங்கள்.

ஆணியால் காரையைக் கீறுங்கள். வெள்ளையாய் உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இறுகி நின்றால் சீமெந்து, காங்கேசன்துறை ஆலை வந்த 1950க்குப் பிந்திய வேலையாக இருக்க இடமுண்டு. ஓட்டைத் திருப்பினால் மங்களூர் ஆலையின் முத்திரை தெரியலாம். அந்தத் தட்டையோட்டுத் தொழில் அங்கே 1865இல் தொடங்கியது. ஆனாலும் ஓட்டை வைத்து வயது சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். போரில் செல் (குண்டு) விழுந்து கூரை மாற்றாத வீடு இங்கே எத்தனை? கூரைக்குள் ஏறிப் பனை வளையையும் சிலாகையையும் (கூரை தாங்கும் மரங்களை) பார்ப்பது மேல். ஒரு பகுதி கறுத்தும் மறுபகுதி வெளிறியும் இருந்தால் பழுது பார்த்த எல்லை அதுதான்.

உறுதித் தொடர் எங்காவது அறுந்தால் அயலாரின் உறுதியைப் பாருங்கள். அவர்களின் எல்லையில் 'வடக்கு: இன்னாரின் பெண்சாதி இன்னார்' என்று உங்கள் ஆச்சியின் பெயர் நிற்கக்கூடும். கேட்கப் போகும்போது காணி விற்கவோ எல்லை அளக்கவோ வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணிதான் வரும், உறுதி வராது.