கீமோ போர்ட்டைக் கையாளும் செவிலியர்களுக்கு

புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தி, குழாயால் பெரிய ரத்தநாளத்தோடு இணைத்த சிறு அறையே கீமோ போர்ட். அதன் வழியே மருந்து ஏற்றும் செவிலியர் எதை விட்டாலும் விடக்கூடாத விதி ஒன்று உண்டு: போர்ட்டிலிருந்து ரத்தம் தடையின்றித் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை மருந்தைத் தொடங்கக் கூடாது. சலைன் எளிதாக உள்ளே போவது மட்டும் போதாது. ஊசி இடம் மாறியிருந்தாலும், குழாயில் கசிவு இருந்தாலும் சலைன் போகத்தான் செய்யும். டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் திசுவுக்குள் கசிந்தால் தசை வரை புண்ணாகிவிடும்.

ஊசி குத்துவதற்கு முன் போர்ட்டின் மேலுள்ள தோலில் சிவப்பு, வலி, சீழ் உள்ளனவா, அந்தப் பக்கத்துக் கழுத்தோ கையோ வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆல்கஹால் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் 30 விநாடி தேய்த்து, அது தானாக உலரும்வரை பொறுத்திருங்கள். போர்ட்டுக்கென்றே முனை வடிவமைக்கப்பட்ட ஹூபர் ஊசியையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சாதாரண ஊசி போர்ட்டின் சிலிக்கோன் மூடியிலிருந்து துணுக்கை வெட்டி எடுத்துவிடும். ஊசியிலும் அதன் குழாயிலும் சலைனை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஒரு கை விரல்களால் போர்ட்டை அசையாமல் பிடித்து, முனை அடித்தட்டில் தட்டும்வரை செங்குத்தாக இறக்குங்கள். 10 மி.லி.க்குக் குறைந்த சிரிஞ்ச் வேண்டாம். சிறிய சிரிஞ்சின் அழுத்தம் குழாயையே கிழித்துவிடக்கூடும்.

ரத்தம் வரவில்லையென்றால் நோயாளியை இருமச் சொல்லுங்கள், கையை உயர்த்தச் சொல்லுங்கள், படுக்கவைத்தும் உட்காரவைத்தும் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் மருத்துவரிடம் தெரிவித்துக் காத்திருங்கள். குழாய் முனையில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) படிந்திருந்தால், அதைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தைச் செலுத்த அவர் சொல்லலாம். குழாயின் இடத்தை அறிய எக்ஸ்-ரே எடுக்கவும் சொல்லலாம். வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும் நாளில் இந்தத் தாமதம் எரிச்சலூட்டும் என்பது உண்மைதான், ஆனால் அவசரத்துக்கு இடங்கொடுக்கக் கூடாத கட்டம் இதுவே.

மருந்து ஏறும்போது ஊசியைச் சுற்றியுள்ள தோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புடவைத் தலைப்போ போர்வையோ மறைத்திருந்தால், திரையை இழுத்துவிட்டு அதை விலக்கி, ஒளியூடுருவும் ஒட்டுக்குக் கீழே வீக்கம் எழுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். நோயாளி "எரியுது" என்றால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும்; ஆனால் ஊசியைப் பிடுங்காமல், அதன் வழியாகவே எஞ்சிய மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

முடிந்ததும் 10 மி.லி. சலைனை, ரத்தம் ஏற்றியிருந்தால் 20 மி.லி.யை, விட்டுவிட்டுத் தள்ளுங்கள். மருத்துவமனை நெறிமுறைப்படி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தி, கடைசிச் சொட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே க்ளாம்ப்பை மூடுங்கள். ஊசி உள்ளேயே இருந்தால் 7 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பயன்படுத்தாத போர்ட்டைப் பொதுவாக 4 வாரத்துக்கு ஒருமுறை கழுவுவார்கள். இடைவெளி மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும், 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொடும் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் நள்ளிரவானாலும் வரும்படி சொல்லி, அழைக்க வேண்டிய எண்ணை எழுதிக் கொடுங்கள்.