எழுவானையும் படுவானையும் மறக்காதீர்கள்: வாவிக்கரையில் படம் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மட்டக்களப்பு ஆட்கள் வாவியின் இரண்டு கரைக்கும் வைத்திருக்கும் பெயரிலேயே முதல் பாடம் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். ஆனாலும் பின்னேரம் ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரையில் கடலைப் பார்த்தபடி கமராவோடு நின்று, "இண்டைக்கு வானம் சரியில்ல" என்று சலித்துக்கொள்கிறவர்களை அடிக்கடி காண்கிறேன். வானம் நன்றாகத்தான் இருக்கிறது, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால்.

விடியலுக்குக் கடற்கரை, பொழுதுபடும்போது வாவிக்கரை. எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் சூரியன் இறங்கும். இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. விடியற்காலையில் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்தால், வாவிக்கு மேல், எழுவான்கரைத் தென்னைகளின் கருநிழலுக்குப் பின்னால் சூரியன் ஏறுவதைப் பிடிக்கலாம். கடலில் எடுக்கும் உதயத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கடலில் வெறும் கோடும் சூரியனும்தான். இங்கே தோணி இருக்கும், வலைக்கம்பு இருக்கும், கம்பில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். மண்முனைப் பாலம், வலையிறவுப் பாலம் என்று அக்கரைக்குப் போக இப்போது வழிக்கும் குறைவில்லை.

அடுத்த தவறு நேரம். யூடியூபில் நாம் பார்க்கிற பாடங்களில் நிறைய, பூமத்திய ரேகைக்குத் தூரமான நாடுகளில் எடுத்தவை. அங்கே சூரியன் சாய்வாக, ஆறுதலாக இறங்கும். தங்க ஒளி நீளும், அதற்குப் பிறகு நீல ஒளியும் நீளும். மட்டக்களப்பு ஏழரைப் பாகை அகலக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக விழும். நல்ல மஞ்சள் வெளிச்சம் அரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஆளையாள் தெரியாது. "ஆறு மணிக்குப் போவம்" என்று எல்லா மாதத்துக்கும் ஒரே நேரம் வைத்திருப்பதும் சரிவராது. நவம்பர் நடுவில் 5.40 அளவிலேயே பொழுது பட்டுவிடும், யூலையில் 6.25 ஆகும். நவம்பரில் ஆறு மணிக்குப் போனால் நுளம்புக்கடிதான் மிச்சம். இடத்தை முதல்நாளே பார்த்துவைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கள். மறைந்தவுடன் கமராவை மூடிவிடவும் வேண்டாம். முகில் கீழிருந்து சிவப்பது சூரியன் போன பிறகுதான்.

தண்ணீர் விசயம்தான் இதில் பெரியது. வெளிநாட்டுப் பாடங்களில் கழிமுகத்தில் படம் எடுக்க முதல் வற்றுப்பெருக்கு அட்டவணை பார் என்று சொல்வார்கள். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவிக்குள் அதுவும் உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். இங்கே தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும், வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரமும். வெயில் காலத்தில் பாலமீன்மடுப் பக்கம் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். மாரியில் மேற்கேயிருந்து வெள்ளம் இறங்கி, வயலும் வளவும் முங்கத் தொடங்கும்போது ஆற்றுவாய் தானாக உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். வெட்டின கையோடு மட்டம் சடசடவென்று இறங்கும்.

படம் எடுப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? வாய் வெட்டுவதற்கு முந்தின கிழமை போனால், கண்டல் மரங்களின் முட்டுவேரெல்லாம் தண்ணீருக்குள். பச்சைப் பற்றை தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். வெட்டி நாலைந்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போங்கள். வேர்கள் வெளியே வந்து நிற்கும், சேற்றில் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும், அந்தச் சேற்றில் இரை பொறுக்கக் கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும். ஒரே மரம், ஒரே கமரா, ஒரே ஆள், படம் வேறு. ஆகவே வற்றுப்பெருக்குச் செயலியைப் பார்ப்பதற்கு முதல் ஆற்றுவாய் வெட்டியாயிற்றா என்று யாரிடமாவது கேளுங்கள். தேத்தண்ணிக் கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

காற்றையும் கேளுங்கள். மே தொடங்கி செப்ரெம்பர் வரை கச்சான் என்கிற மேல்காற்று வீசும் காலம். அந்த நாட்களில் நிழல் தலைகீழாக விழுந்த கண்ணாடித் தண்ணீர் வேண்டுமென்றால் விடியற்காலையைத் தவிர வேறு நேரம் கிடைப்பது அரிது. பகல் ஏற ஏற வாவி முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். பின்னேரம் போய் நின்று நிழல் வரவில்லை என்று லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, கால் வைப்பதற்கு வருவோம். இது நான் பட்டுத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் மண்முனைப் பக்கம் கரையோரச் சேற்றில் ட்ரைபொட்டை நட்டு, தண்ணீர் பட்டுப்போல் வரவேண்டும் என்று முப்பது செக்கன் திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் படம் மங்கல். இரண்டாவதும் மங்கல். மூன்றாவதில் அடிவானமே வலப்பக்கம் சரிந்திருந்தது. லென்ஸ் பழுதாகிவிட்டதென்று பயந்து திருகிப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் தோணியை இழுத்துப் போட்டு வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் சிரித்தார். "மனே, ஒரு கால் தாண்டு போகுது, பாக்கல்லையா?" உண்மைதான். மயிரிழை மயிரிழையாக ஒரு கால் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவரே கரையில் கிடந்த மூன்று சிரட்டைகளைப் பொறுக்கி வந்து, வாய் மேலே இருக்கும்படி சேற்றில் அமத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலை வைத்தார். நாலாவது படம் கல்லுப்போல நின்றது. அன்றிலிருந்து என் கமராப் பைக்குள் மூன்று சிரட்டை இருக்கிறது. கடையில் இதற்கென்று அகலப் பாதம் விற்கிறார்கள்தான்; நான் வாங்கவில்லை.

அதோடு, நீண்ட நேரம் திறந்து எடுக்கும் மோகத்தையும் கொஞ்சம் அடக்க வேண்டும். தண்ணீர் பட்டாகும், ஆனால் கட்டிவைத்த தோணியும் அசையும். முப்பது செக்கனில் அது தோணியாக இராது, சாம்பல் கறையாக இருக்கும். தோணி வேண்டுமா, பட்டு வேண்டுமா என்று முதலே முடிவுசெய்யுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் தோணிக்கு ஒரு வேகமான படம், தண்ணீருக்கு ஒரு மெதுவான படம் எடுத்துப் பிறகு ஒன்றாக்கலாம். எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை.

வெள்ளைக் கொக்கு இன்னொரு பொறி. கரும்பச்சைக் கண்டல் பின்னணியில் ஒரு கொக்கு நிற்கிறது. கமரா காட்சி முழுவதையும் அளந்து, "அட, இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். பச்சை சாம்பலாக வெளிறும், கொக்கு இறகில்லாத வெள்ளைக் கடதாசித் துண்டாகும். அப்படி எரிந்துபோன வெள்ளையைப் பிறகு கணினியில் திருப்பி எடுக்க முடியாது. வெளிச்ச அளவை ஒரு படி, தேவையானால் ஒன்றரைப் படி குறைத்து எடுங்கள். போனில் எடுப்பவர்கள் திரையில் கொக்கின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். இருட்டாக வந்துவிட்டதே என்று கவலை வேண்டாம், இருட்டிலிருந்து நிறத்தை மீட்கலாம். சூரியன் மறையும் வானத்துக்கும் இதே கணக்குத்தான்.

போலரைசர் பில்டரைப் போட்டால் கழற்றாமலே வைத்திருப்பவர்கள் உண்டு. மத்தியான வெயிலில் கண்டல் இலையின் பளபளப்பை வெட்டிப் பச்சையை வெளியே கொண்டுவர அது அருமையான சாமான். ஆனால் தண்ணீரில் விழுந்த நிழலையும் அதே பில்டர்தான் அழிக்கும். முகில் நிழலுக்காகப் போய்விட்டு, பில்டரை முழுக்கத் திருப்பி, பழுப்புத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எவ்வளவு பாவம். அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பாதி கருநீலம், மறுபாதி வெளிறல் என்று திட்டாக வரும், அதையும் கவனியுங்கள். நிறத்தைச் சரிப்படுத்தும் வெண்சமநிலையைத் (white balance) தானியங்கியில் விட்டால் விடியலின் செம்மையை 'பிழை' என்று எண்ணிக் கமரா திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்கு மாற்றிவையுங்கள்.

காட்டுக்குள் போனால் சிக்கல் வேறு. வாவியில் வெறுமை அதிகம், கண்டல் காட்டுக்குள் எல்லாமே அதிகம். வேர், கொப்பு, இலை, நிழல், வெயில் பொட்டு. அதை முழுவதுமாக ஒரே படத்துக்குள் அடக்கப் பார்ப்பதுதான் தவறு. பார்ப்பவருக்குக் கண் தங்க இடமிராது. மப்பான நாளில் போங்கள், வெயில் பொட்டுகள் இராது. ஒரு வேர், அதன் வளைவு, அதில் ஒட்டியிருக்கும் சிப்பி என்று சுருக்குங்கள். கொப்பை முறித்து இடம் பண்ணவே வேண்டாம். அது காட்டுக்குக் கேடு என்பது ஒருபுறம். தில்லை மரமாக இருந்தால் உங்களுக்கே கேடு. மண்டூரைத் தில்லை மண்டூர் என்று சொல்கிறோமே, அந்தத் தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, கொஞ்ச நேரத்துக்குப் பார்வையே போகலாம். கண்ணை வைத்துத்தானே இந்தத் தொழிலே.

அம்பாறைப் பக்கம் இறங்கினால் குமண. 1970இல் யால கிழக்கு என்று தேசிய பூங்காவாக்கி, 2006இல் பெயர் மாற்றினார்கள். உகந்தை முருகன் கோயிலடியால்தான் உள்ளே போக வேண்டும். மே, யூன் மாதங்களில் குமண வில்லு என்கிற ஆழமில்லாத நீர்நிலையின் கண்டல் மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும், அந்த நேரம்தான் எல்லாரும் ஓடுவார்கள். கூட்டுக்குக் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், பருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய லென்ஸ் இல்லையா? சரி, மரம் முழுவதும் பறவை நிற்பதுபோல் அகலமாக எடுங்கள். போன் ஸூமில் இழுத்து இழுத்து எடுத்த புள்ளிப் படத்தைவிட அது எவ்வளவோ மேல். ட்ரோனை அந்தப் பக்கம் எடுத்தே போகாதீர்கள். அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் பறக்கவிடக் கூடாது, வெளியிலும் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன.

பொத்துவிலில் இருந்து மொனராகலைப் பக்கம் போகும் வீதி லாகுகலக் காட்டை ஊடறுத்துப் போகிறது. யானை வீதியோரம் நிற்கும். பஸ்ஸில் இருந்தோ வாகனத்துக்குள் இருந்தோ எடுங்கள். இறங்கிப் போய்ச் செல்பி எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. படுவான்கரைக் காட்டோரங்களிலும் யானை உண்டு, பொழுதுபட்டால் தனியே நிற்க வேண்டாம். வாவியில் முதலையும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கீழ்க்கோணம் தேட முதல், அந்த இடத்தில் ஊர் ஆட்கள் இறங்குகிறார்களா என்று பாருங்கள்.

முகத்துவாரத்துக்குப் போனால் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைத்தான் எல்லாரும் நடுவில் வைத்து எடுப்பார்கள். எடுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்த மணற்காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். கடற்காற்று கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூவலைக் கொண்டுவந்து கண்ணாடியில் பூசும். சூரியனுக்கு எதிரே திருப்பியதும் படம் முழுக்கப் புகை மூட்டினதுபோல் வரும். அதைச் சாரம் நுனியால் துடைப்பதுதான் உலகப் பொதுத் தவறு. உப்புப்பொருக்கும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு ஈரத்துணியால் மெல்ல ஒற்றி, கடைசியில் காய்ந்த துணி. வீட்டுக்கு வந்ததும் ட்ரைபொட் காலைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை திருகு திரும்பாது. ஏசி அறையில் வைத்த கமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்திருந்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, ஆட்கள். தோணியில் போகிறவரைத் தூரத்தில் நிழலாக எடுக்கும்போது தலை அடிவானக் கோட்டில் முட்டாமலும், தோணி கரைமரங்களோடு ஒட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்தால் அவரே விலகி வெளியே வருவார். கிட்ட எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்கு அது வேலை நேரம். படம் தருகிறேன் என்று சொன்னால் கொடுத்துவிடுங்கள். நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போகிறார்கள், பிறகு அந்தப் பக்கம் காண்பதில்லை என்று தோணித்துறையில் குறைசொல்வார்கள்.

சிரட்டை தந்த ஐயாவை அன்றைக்கு ஒரு படம் எடுத்திருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல வெளிச்சம், முகத்தில் சுருக்கம் எல்லாம் துல்லியம், எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் படத்தைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, நேரம் எடுத்துப் பார்த்தார்.

"ஆள் இருக்கு, தோணி இருக்கு. வலைக்கம்பு எங்க மனே?"

ஓரத்தில் நின்றதை நான்தான் வெட்டியிருந்தேன்.