டியில் தொடங்கும் ஊர் எது? பயண விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு வேன் எடுத்துக்கொண்டு போவது எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். 14 பேர், தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு, ஒரு பை வறுத்த நிலக்கடலை. காங்கேயம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு விளையாட்டு தொடங்கிவிடும். தாராபுரம் வருவதற்குள் அது சண்டையாகிவிடும். பாதையைப் பார்க்காமல் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதால்தான் பாதியில் கெடுகிறது என்பது பல பயணங்கள் கெட்ட பிறகே எனக்கு விளங்கியது.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு ஊர்ப் பெயர் அந்தாதியில் தொடங்குகிறது. ஒருவர் ஓர் ஊரைச் சொல்ல, அது முடியும் எழுத்தில் தொடங்கும் இன்னொரு ஊரை அடுத்தவர் சொல்ல வேண்டும். கேட்க எளிது. கொங்கு நாட்டில் ஆடிப் பாருங்கள். கவுந்தப்பாடி, கொடுமுடி, எடப்பாடி, ஊருக்கு ஊர் இருக்கும் பட்டிகள் எல்லாம் ‘டி’யில் முடிகின்றன. ஈரோடு, திருச்செங்கோடு, வெள்ளோடு ஆகியவை ‘டு’வில். சென்னிமலையும் சிவன்மலையும் ‘லை’யில். தமிழிலோ ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய 8 எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பது இலக்கணம். ஆக, சொந்த ஊரான ஈரோட்டைச் சொன்ன மறுகணமே ஆட்டம் நின்றுவிடும்.

நிற்காமல் ஓடினாலும் தொல்லைதான். பாளையங்கள் எல்லாம் ‘ம்’மில் முடியும். மூலனூர், முத்தூர், மோகனூர் என்று பதில் வரும். அவை ‘ர்’ரில் முடியும். பேச்சு வழக்கை ஒப்புக்கொண்டு ராசிபுரம் என்பார்கள். மறுபடி ‘ம்’. செக்கு மாடு போல இந்த இரண்டு எழுத்துகளையே சுற்றிச் சுற்றி வந்தால், பின்சீட்டில் இருப்பவர்கள் தூங்காமல் என்ன செய்வார்கள்?

கடைசி எழுத்தைப் பிடித்துத் தொங்குவதை விடுங்கள். செய்யுளில்கூட அந்தாதிக்கு எழுத்து மட்டும் கணக்கில்லை. அசை, சீர், அடி என எதை வேண்டுமானாலும் எடுத்துத் தொடுக்கலாம். வேனுக்குள் மட்டும் ஏன் அவ்வளவு கறார்? முடியும் எழுத்து உதவாவிட்டால் அதற்கு முந்தைய எழுத்துக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுமுடி வந்தால் ‘மு’; முத்தூர் செல்லும். ஒரே இன எழுத்துகளுக்கும் இடம் கொடுங்கள். பவானியின் ‘னி’க்கு நாமக்கல்லும் நம்பியூரும் செல்லுமா செல்லாதா என்பதை வண்டி கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். எங்கள் வேனில் இதைப் பேசாமல் விட்டதால் நசியனூரிலேயே பெண் எடுத்த என் சித்தப்பா, அந்த ஊரைச் சொல்லியும் ஆட்டம் இழந்தார். பழனி மலை ஏறி இறங்கும் வரை அவருடைய கோபம் தணியவில்லை.

சிற்றூரைச் சொல்லலாமா என்பதும் முன்கூட்டியே தீர வேண்டிய கேள்வி. நான் சிற்றூர்களின் பக்கம். வலசுகளையும் புதூர்களையும் விலக்கினால் பெரியவர்களுக்கு ஆட்டத்தில் வேலையே இல்லை. சொன்னவருக்கு அந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போதும். இட்டுக்கட்டிய ஊர்கள் தாமாக நின்றுவிடும்.

அடுத்தது மலைப்பாதை. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள்; கொல்லிமலைக்கு 70. அந்த நேரத்தில் பிள்ளைகள் கையில் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்துப் பூஜ்ஜியம் போடும் ஆட்டம் ஆடச் சொல்வதும், சீட்டுக்கட்டைப் பிரிப்பதும், செல்போனை நீட்டுவதும் வாந்திக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். வண்டி வளைவதைக் காதின் உட்புறத்தில் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. மடியில் இருக்கும் தாளைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டு சாட்சியும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. மலையில் கண் வெளியே இருக்க வேண்டும், வாய் மட்டும் ஆட வேண்டும்.

வளைவுகளின் எண்ணையே ஆட்டமாக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மூன்றுக்கு முக்கனி, ஆறுக்குப் படைவீடு, ஒன்பதுக்குத் தானியம், பதினெட்டுக்குச் சித்தர்கள். இருபத்து நான்கு வந்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பழைய கொங்கு நாட்டில் பூந்துறை நாடு, காங்கேய நாடு, தென்கரை நாடு என 24 உள்நாடுகளைச் சொல்வது மரபு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பாதைக்கு வேறு ஆட்டமே வேண்டாம். அங்கே 27 வளைவுகள். நட்சத்திரங்களும் 27. முதல் வளைவில் அசுவினி என்று தொடங்கினால் உச்சியில் ரேவதி வர வேண்டும். தம் நட்சத்திரம் எந்த வளைவில் வருகிறது என்று காத்திருப்பதிலேயே பிள்ளைகள் வயிற்றை மறந்துவிடுகிறார்கள். அது யானைகள் நடமாடும் காட்டுப் பாதை என்பதால் கூச்சலிட்டுச் சொல்ல வேண்டாம்.

சமவெளிச் சாலையின் தவறு வேறு. சேலம்–கோவை நான்குவழிச் சாலையில் போகும்போது வண்டி எண்களை வைத்து ஆடுவது பலருக்கும் பிடிக்கும். 33 ஈரோடு, 28 நாமக்கல், 47 கரூர், 41 பொள்ளாச்சி, 39 திருப்பூர் வடக்கு என்று ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஓடும் காரின் எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது. படித்ததாகச் சொல்பவரை நம்பவும் முடியாது. விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது ஆடுங்கள், பொய் சொல்ல இடமிருக்காது. எல்லா எண்ணுக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பதும் சுவையைக் கெடுக்கும். பெருந்துறைப் பக்கம் 33-ஐயும் 56-ஐயும் காண்பதற்குக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை. தொலைதூர எண்களுக்கே அதிக மதிப்பெண் கொடுங்கள். அதில் ஒரு விலக்கு: ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரிகள் பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டிகள் என்பதால், அப்படி ஒன்றைத் தூரத்தில் பார்த்ததும் ‘34, திருச்செங்கோடு’ என்று எண்ணைப் படிக்காமலேயே துணிந்து சொல்லி, அது சரியாகவும் இருந்தால் இரட்டை மதிப்பெண்.

இடது சன்னல் அணி, வலது சன்னல் அணி என்று பிரிப்பது நல்ல யோசனைதான். ஆனால் இடப்பக்கம் கடையும் தோட்டமும் பெயர்ப்பலகையும் தெரியும். வலப்பக்கம் பெரும்பாலும் நடுத்திட்டு அரளிச்செடிதான். பாதி வழியில் இடம் மாற்றாவிட்டால் அது அநியாயம்.

எண்ண முடியாததை எண்ணச் சொல்லாதீர்கள். பொள்ளாச்சியில் தென்னை மரத்தையும், பல்லடம்–உடுமலை சாலையில் காற்றாலையையும் எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் நூறைத் தாண்டியதும் அடித்துக்கொள்வார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் போனால் சுற்றாமல் நிற்கும் காற்றாலையை மட்டும் தேடச் சொல்லுங்கள். காங்கேயத்தைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், மாடு மேயும்; மயிலையா, செவலையா, காரியா என்று நிறம் சொல்லும் ஆட்டத்தில் நகரத்துப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் சுலபமாக வென்றுவிடுவார்கள்.

தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்களை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். வெளியேறியவர் எங்கே போவார்? மூன்று மணி நேரம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். தோற்றால் பாட வேண்டும், ஆட வேண்டும் என்ற தண்டனை அதைவிட மோசம். கல்யாணமாகி முதன்முறையாக வந்திருக்கும் மருமகளிடம் இதைக் கேட்டால், அடுத்த முறை அவர் வேன் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொள்வார். அது தூக்கமாக இருக்காது.

விடுகதையில் ஒரு சின்னத் திருத்தம் போதும். “சின்னத் தம்பிக்குத் தொப்பியே வினை” என்று பாட்டி முடிப்பதற்குள் “தீக்குச்சி!” என்று கத்தும் பையன் ஒருவன் எல்லா வேனிலும் இருக்கிறான். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக் கூடாது, அதே பொருளைப் பற்றி இன்னொரு குறிப்புச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அவனும் யோசிப்பான். மற்றவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஓட்டுநரை ஆட்டத்தில் சேர்ப்பது. அவருக்குத்தான் எல்லா ஊரும் தெரியும் என்பதால் வழக்கு அவரிடமே போகும். போன முறை எங்கள் வேனில் ‘டி’ வந்தது. அமுச்சி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், சற்றும் தயங்காமல் “டி.என்.பாளையம்” என்றார். அது தூக்கநாயக்கன்பாளையம், சுருக்கப் பெயர் செல்லாது என்று என் அண்ணன் மகன் சண்டைக்கு வந்தான். இருவரும் ஓட்டுநரைக் கூப்பிட, அவர் பதில் சொல்லத் தலையைத் திருப்பினார். எதிரே கரும்பு லாரி. எல்லோருக்கும் ஒரு நொடி மூச்சு நின்றது. அன்றிலிருந்து வழக்குகள் அனைத்தும் டீக்கடை வரும் வரை தள்ளிவைக்கப்படுகின்றன.

தாராபுரத்தில் இறங்கி டீ குடிக்கும்போது அமுச்சி மறக்காமல் கேட்டார். ஓட்டுநர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “பஸ்ஸில் அப்படித்தான் பலகை மாட்டியிருக்கிறார்கள். செல்லும், அம்மா.” பிறகு பையனைப் பார்த்து, “அதற்குப் பக்கத்திலேயே டி.ஜி.புதூரும் இருக்கிறது” என்றார். அமுச்சி அதையும் தன் கணக்கில் எழுதச் சொன்னார்.