பெரியம்மாவின் தாள்கள்: ஒரு வரலாற்று ஆய்வாளரின் பெட்டிகளை ஒழுங்கு செய்ய

வாக்குரிமைக் குறிப்புகள் ஒரு பெட்டி, குடும்பக் கடிதங்கள் இன்னொரு பெட்டி என்று பிரிக்கத்தான் முதலில் கை போகும். பிரிக்காதீர்கள்.

என் பெரியம்மா சிங்கப்பூர்ப் பெண்களின் வரலாற்றுக்காக வாழ்நாள் முழுக்கக் குறிப்பெடுத்தவர். 1951 சட்டமன்றத் தேர்தலில் சிலேத்தார் தொகுதியில் வென்ற விலாசினி மேனனைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு, பாட்டியின் கடிதம் ஒன்றின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில், தாத்தா இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதைப் பாட்டி எழுதியிருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தைச் சட்டமாக்கிய 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தைப் பெரியம்மா ஏன் விடாமல் ஆராய்ந்தார் என்பது அந்த ஒரே தாளில் தெரிகிறது.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். உறைகளுக்குப் பென்சிலால் எண் போடுங்கள், பேனா வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் மெல்லிய அட்டையை நுழைத்து மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டவே கூடாது.

பத்திரிகைத் துணுக்குகள் பழுத்துப் பக்கத்துத் தாளையும் கறையாக்கும். இடையில் அமிலமற்ற வெள்ளைத்தாள் வையுங்கள். தேதி இல்லாத துணுக்கு தமிழ் முரசில் வந்தது என்றால், தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் தேடலாம். துண்டறிக்கையில் ஓட்டுப் போடுவது கட்டாயம் என்றிருந்தால், பெரும்பாலும் அது 1959 அல்லது அதற்குப் பிந்தியது. அந்த ஆண்டுத் தேர்தலில்தான் அது கட்டாயமானது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் காற்றோட்டமில்லாத ஸ்டோர் ரூம் தாள்களுக்கு ஆகாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் சீக்கிரம் வந்துவிடும். படுக்கையறை அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

அப்புறம், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கடிதங்கள். கிழித்துப் போடாதீர்கள், கேட்காமல் வெளியிடவும் வேண்டாம். தாத்தாவின் இரண்டாம் குடும்பத்து மாமாவிடம் அந்தக் கடிதத்தை முதலில் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கே எழுதவும் அவர் சம்மதித்தார்.

தேசிய நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுப்பதாக இருந்தால், எத்தனை பெட்டி, எந்த ஆண்டுகள், எந்தெந்த மொழிகள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். சில கடிதங்களைக் குறிப்பிட்ட காலம் மூடி வைக்க முடியுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.